லிச்சி மரத்தில் பதினான்கு பேர்

ஜூன் 6
அக்கா வீட்டில் மூன்றாம் நாள். குரல் நாணில் இருந்த முடிச்சை எடுத்தாயிற்று. பதினைந்து நாள் வாய் திறக்கக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாதாம். "வாயாடிக்கு வாய்ப்பூட்டு," என்கிறாள் அக்கா. பதினோரு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொன்னவளுக்கு இப்போது துண்டுச்சீட்டுதான் கதி.

ஜூன் 7
வீட்டுக்குப் பின்னால் நாலு லிச்சி மரம். அதற்கப்பால் காடு, ஈரம், பாசி வாசனை. மழை விட்டதும் போனேன். கடைசி மரத்தின் அடித்தண்டில் வரிசையாகப் பூச்சிகள். பச்சை இறக்கையில் மஞ்சள் திட்டுகள். முகத்திலிருந்து மேல்நோக்கி வளைந்த சிவப்புக் கொம்பு, அதில் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளி. பதினான்கு. விரலை நீட்டினால் பறக்கவில்லை. நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து மறுபக்கம் போகின்றன. நானும் சுற்றினேன். அவையும் சுற்றின. சாப்பிட அக்கா கூப்பிட்டபோதுதான் மத்தியானம் என்று தெரிந்தது.

ஜூன் 8
ஒன்று துள்ளியது. உள்ளிறக்கை மஞ்சள், நுனி கறுப்பு. பார்ப்பதற்குள் மூடிக்கொண்டது.

ஜூன் 11
குரல் வராவிட்டால்? சீட்டில் எழுதி அக்காவிடம் கேட்கவும் பயம். வராட்டி என்ன பண்ணுவேன்? வேற என்ன தெரியும் எனக்கு?

ஜூன் 13
மரத்தடியில் என் வயதுப் பெண் ஒருத்தி, பூச்சி ஆய்வாளர். இது தத்துப்பூச்சி இனமாம். "மரத்துச் சாறை உறிஞ்சும். மிச்சம் பின்னாடி இனிப்பா சொட்டும். அதை நக்கத்தான் பாருங்க, கீழே ஒரு பல்லி காத்திருக்கு," என்றாள். 'பேசக்கூடாது' என்று நான் நீட்டிய சீட்டைப் பார்த்தாள். "இதுங்களும் வாயால பேசாது. வயித்தை ஆட்டும், மரம் அதிரும்."
பட்டையில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி, ஹெட்போனை என் காதில் மாட்டினாள்.
முதலில் வெறும் மரம். பிறகு எங்கோ ஆழத்தில் ஒரு முனகல். சற்றுப் பொறுத்து, இன்னொரு இடத்திலிருந்து இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டேன். மரத்துக்குள் நடந்துபோவது போலிருந்தது.

ஜூன் 15
காய் உதிர்கிறதென்று அத்தான் மருந்தடிக்கும் டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டார். 'வேண்டாம்' என்று சீட்டை நீட்டினேன். "அப்புறம் பாக்கறேன்மா," என்று நடந்தார். கத்த வாய் திறந்தேன் — மூடிக்கொண்டேன். ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டேன்.
"பேச முடியாதப்பவே இவ்ளோ அடமா," என்று சிரித்துவிட்டார். "சரி, இந்த ஒரு மரம் உன்னோடது."
மற்ற மூன்றுக்கும் அடித்தார். ஒன்றாவது மிஞ்சியதே.

ஜூன் 18
மருத்துவர் எதிரில் முதல் சொல். "அக்கா." யாருடைய குரல் இது? சொரசொரவென்று, பாதியில் காற்று. "பேச்சுக்குப் போதும். மைக் வேலை இனி வேண்டாம்," என்றார். அக்கா என் கையை விடவே இல்லை.

ஜூன் 20
ஒன்பதுதான் இருந்தன. மீதி காட்டுக்குள் போயிருக்கும். பேசாமல் உட்கார்ந்திருந்தேன், பேச முடிந்தும்.

ஜூலை 9
விசாரணைக் கவுண்டரில் முதல் நாள். தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் புதுப்பெண், நன்றாகவே சொல்கிறாள். பெட்டியோடு ஒருவர் கண்ணாடியில் குனிந்து, "தெற்கே போற வண்டி எங்கேம்மா?" என்றார்.
"மூணாவது பிளாட்பாரம்."
இன்னொரு தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக மூன்றாவதுக்குப் போனார்.