கிடங்கில் மீதமிருந்த ரேடியோக்காரன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறைவில்லை, மற்றதை நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் அடித்தால் அம்மாதான் முதலில் ஓடிப்போய் எடுக்கிறாள், பேசுவது தம்பி இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் கடிதம்.

பொம்மைக் கடையைக் கைமாற்றிவிட்டேன். வாங்கியவர் செருப்பு வியாபாரி, நல்ல மனுஷன், ஆனால் வாய் ஓயாது. பொம்மைக்குக் கால் வளராது அண்ணே, பிள்ளைக்கு வருஷா வருஷம் வளரும், அதான் உங்க வியாபாரம் படுத்துச்சு, என்னோடது நிக்குதுன்னு என் கடையிலேயே நின்றுகொண்டு என்னிடமே சொல்கிறார். சரிதான் என்று சிரித்துவைத்தேன். கிடங்கை ஒழித்துக் கொடுக்கும்போது பின்சுவர்ப் பரணில் பருந்துப் படை படக்கதைக் கட்டு கிடைத்தது. நாம் விற்ற சிப்பாய்ப் பொம்மைகளை வைத்துக் கம்பெனிக்காரன் மாதாமாதம் போட்டானே, அதுதான். விற்காத பிரதிகளை அவன் திருப்பி எடுக்க மாட்டான் என்று நான் வீட்டுக்கும் ஒவ்வொன்று கொண்டுவந்து போடுவேன், எழுத்துக் கூட்டத் தெரியாத உன் தம்பிக்கு நீ குரல் மாற்றி மாற்றி வாசிப்பாய், எதிரிப் படைத் தலைவன் வந்தால் மூக்கால் பேசுவாய். அத்தனை வருஷம் விற்றவன் நான், ஒரு பக்கம் படித்ததில்லை. இப்போது கைக்கு வேலை இல்லை, நாற்பத்தொரு இதழையும் வரிசையாக அடுக்கிவைத்துப் படித்து முடித்தேன். வியாபாரியாகச் சொல்கிறேன் பாப்பா, அது கதையே இல்லை, விலைப்பட்டியலுக்குப் படம் போட்டிருக்கிறான். புது வண்டி விற்பனைக்கு வந்த மாதம் எல்லாரும் அந்த வண்டியில் ஏறித்தான் சண்டைக்குப் போகிறார்கள். பக்கத்துக்குப் பத்துக் குண்டு வெடிக்கிறது, ஒருவனுக்குச் சட்டைகூடக் கிழியவில்லை. நாற்பத்தொரு இதழிலும் ஒருத்தனுக்கும் அம்மா இல்லை.

முப்பத்தொன்றாம் இதழில் மட்டும், படைக்குச் செய்தி அனுப்புகிற ரேடியோக்காரன் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து காணாமல் போவான், அன்றைக்குத் தம்பி சோறு வேண்டாமென்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது உனக்கும் நினைவிருக்கும். காரணம் என்னவென்றால் அந்தப் பொம்மை விற்கவில்லை, கம்பெனி நிறுத்த முடிவு செய்துவிட்டது. ஆனால் நம் கிடங்கில் அவன் மூன்று பெட்டி நிறையத் தேங்கிக் கிடந்தான். விற்பனைப் பிரதிநிதி வந்தபோது பிடித்துக்கொண்டேன். நீங்க பாட்டுக்கு ஆளைக் கொன்னுட்டுப் போயிடுவீங்க, என் கிடங்குல இருக்கிறவனை எந்தப் பிள்ளைய்யா வாங்கும்னு தெருவே கேட்கச் சத்தம் போட்டேன். என்னைப் போல இன்னும் நாலு கடைக்காரர்கள் கத்தியிருப்பார்கள். முப்பத்துநாலாம் இதழில் ரேடியோக்காரன் தாடியோடு கரையேறி வந்துவிட்டான். தம்பி கல்லாவுக்குப் பின்னால் நின்று நான் கத்தியதைக் கேட்டிருக்கிறான், எப்படிப்பா திரும்பி வந்தார் என்று கேட்டான். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான், சரக்கு இருக்கிற வரைக்கும் ஆள் சாகமாட்டான்டா என்று சொல்லிவைத்தேன். ஒரு பிள்ளையிடம் சொல்லக்கூடிய பேச்சா அது. அப்பன் நினைத்தால் செத்தவனும் வருவான் என்று அவன் எடுத்துக்கொண்டான். ஒரு ரேடியோக்காரனைப் பெட்டியோடு எடுத்து, விற்றுவிடாமல் கிடங்கின் அதே பரணில் ஒளித்துவைத்திருக்கிறான். பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்று அம்மாவிடம், பரண்ல ஒண்ணு இருக்கும்மா, அதை மட்டும் அப்பா வித்துடாம பாத்துக்கோ, எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சிரித்துவிட்டுப் போனானாம். இதை அவள் இப்போதுதான் சொல்கிறாள்.

போன மாதம் ராணுவ அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆற்றில் பட்டாளத்துப் படகு கவிழ்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, பதினொரு பேரில் ஒன்பது பேரை எடுத்தாயிற்று, உன் தம்பியும் இன்னொருவனும் கிடைக்கவில்லை, இனித் தேட ஆற்றில் இடமில்லை என்றார். வீட்டார் இருவர் கையெழுத்துப் போட்டால் பட்டாளத்து நினைவுக்கல்லில் அவன் பெயரை வெட்டுவார்கள், போடாவிட்டால் இருக்கிறவர் கணக்கிலும் இல்லை, போனவர் கணக்கிலும் இல்லை. நான் போட்டுவிட்டேன். அம்மாவிடம் நீட்டியதும் பேனாவைத் தட்டிவிட்டாள். நீங்க கடையைத்தானே மூடினீங்க, பிள்ளையை எதுக்கு மூடுறீங்க என்றாள். முப்பத்துநாலாம் இதழை எடுத்துவந்து, இவன் வரலியா, மூணு மாசம் கழிச்சு வந்தான்ல என்று என் முகத்துக்கு நேரே காட்டினாள். அவனைக் கொண்டுவந்தது நான் போட்ட சத்தம் என்று எப்படிச் சொல்வது. இப்போதும் கத்தத் தயார்தான் பாப்பா, யாரிடம் போய்க் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கியவன் நான். ஒட்டுக் காகிதம் ஒட்டியபடி இருந்தது, ஆனால் கையில் எடுத்ததும் எடையிலேயே தெரிந்துவிட்டது, முப்பது வருஷம் தூக்கிய கை. உள்ளே ஆள் இல்லை. தம்பி பொம்மையை எடுத்துக்கொண்டு திரும்ப ஒட்டியிருக்கிறான், போகும்போது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருப்பான். நான் சொன்ன கணக்குப்படி பார்த்தாலும் கிடங்கில் சரக்கு இல்லை. பெட்டியை அப்படியே அம்மாவிடம் கொடுத்தேன், அலமாரியில் அவன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். தினமும் துடைக்கிறாள். மற்ற சாமானையெல்லாம் தூக்கித் துடைக்கிறாள், இதை மட்டும் வைத்த இடத்திலேயே விட்டுச் சுற்றித் துடைக்கிறாள். நம் கடையில் என்னைவிட அதிகம் பெட்டி தூக்கினவள் அவள்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். மனம் வராவிட்டால் கிழித்துப் போடு, ஏனென்று கேட்க மாட்டேன், அம்மாவிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் பெயர் ஒரு கல்லிலாவது இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல், உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் மிச்சமில்லை. அம்மா பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் பத்திரமாக இருக்கட்டும்மா என்று மட்டும் சொல். ஊருக்கு வரும்போது பேத்தி அதைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா