இடது பக்கத்து பேரிங்

மார்ச் 4, செவ்வாய்

விழுந்து ஆறு நாளாகிவிட்டது. காலையில் நாத்தனாருக்குத் தலை வாரிவிட்டேன். அவளுக்கு வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. கட்டுக்கு வெளியே தெரியும் விரல் நுனிகள் வீங்கி, வேறு யாருடைய விரல்களோ போல இருக்கின்றன. நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறவள் அவள். அந்த விரல்கள்தான் அவள் பிழைப்பு. "எலும்பு கூடிடும். பழைய வேகம் வருமான்னு இப்ப சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வண்டி ஓட்டியது நான். பின்னால் உட்கார்ந்திருந்தது அவள். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"நாம எப்படி அண்ணி விழுந்தோம்?" இன்றைக்கும் கேட்டாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை.

"திருப்பத்துலம்மா" என்றேன். அது ஒரு பதிலா?

மார்ச் 5, புதன்

மாடி வீட்டுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவரே சொன்னார். "திருப்பத்துல பிரேக்கை சட்டுன்னு பிடிச்சிட்டா. விடுங்க, யாருக்கும் நடக்கிறதுதானே."

எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு வருடத்தில் இவரை இவ்வளவு தன்மையாக நான் பார்த்ததில்லை. பாத்திரம் கழுவுகிறார். காபி போட்டு வைக்கிறார். திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மன்னிக்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் பிரேக் பிடித்தது நிஜம். ஆனால் அதற்கு முன்னால் கைப்பிடி ஆடியதே — ஆடியதா? இல்லை, தப்பிப்பதற்காக நானே கட்டிக்கொள்ளும் கதையா?

மார்ச் 6, வியாழன்

பால் பாத்திரத்தைத் தூக்கும்போதுகூட, பிரேக் பிடிக்கிற மாதிரி கை தானாக இறுகிக்கொள்கிறது.

மார்ச் 8, சனி

பரிசோதனைக் கூடத்திலிருந்து போன். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது என் வேலை. பதினேழாம் தேதிக்குள் வராவிட்டால் என் தெருக்களை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

கீழே போனேன். வண்டி படிக்கட்டுக்கு அடியில் நிற்கிறது. வளைந்த கைப்பிடியை ஒர்க்‌ஷாப்பில் நிமிர்த்திக் கொடுத்துவிட்டார்கள். ஏற தைரியம் இல்லை. சும்மா நாலு அடி தள்ளிப் பார்த்தேன். முன்சக்கரத்தில் கர்ர் என்று ஒரு அரவம், மணலை மெல்லுகிற மாதிரி.

எனக்குத் தெரிந்த சத்தம். விழுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே கேட்ட சத்தம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இவர் சக்கரத்தைக் கழற்றி, "பேரிங் மாத்திட்டேன், இனி கவலையில்ல" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். புது பேரிங் பழகும்வரை அப்படித்தான் போலிருக்கிறது என்று நானே சமாதானம் செய்துகொண்டு ஓட்டினேன்.

சாயங்காலம் கேட்டேன்.

"அதான் மாத்தியாச்சே. நீயா எதையாவது நினைச்சு மனசைக் குழப்பிக்காத" என்றார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் அவர். எத்தனை மாடிகளில் எத்தனை பேர் அவர் கையை நம்பித் தொங்குகிறார்கள். நான் யார் சந்தேகப்பட?

மார்ச் 11, செவ்வாய்

அவர் வேலைக்குப் போனதும் இறங்கினேன். நாத்தனார் மருந்து சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். டொக், டொக். நன்றாக இருக்கும் சக்கரம் இப்படி ஆடாது. வருடக்கணக்கில் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்ததில் அந்த அளவுக்காவது எனக்குத் தெரியும்.

நட்டைக் கழற்றி அச்சுக்கம்பியை உருவினேன். சக்கரம் மடியில் விழுந்தது. வலது பக்கத்து பேரிங்கில் விரலை விட்டுச் சுற்றினேன் — வெண்ணெய் மாதிரி. புத்தம் புதுசு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சொன்னது உண்மை, நான்தான் தப்பு.

பிறகு சக்கரத்தைத் திருப்பினேன்.

இடது பக்கம் முழுக்கச் செந்துரு. விரலை விட்டால் நறநறக்கிறது, மாட்டிக்கொள்கிறது, உள்வளையம் தளதளவென்று ஆடுகிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் அதன் விளிம்பில் உளி பட்ட காயங்கள். அடித்துப் பார்த்திருக்கிறார். வரவில்லை. விட்டுவிட்டார்.

அவர் டூல் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தேன். அடியில் ஒரு பழைய துணிக்குள் பிரிக்காத பாக்கெட். இன்னொரு புது பேரிங்.

எல்லாவற்றையும் பார்த்தபடி படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். என்ன பண்றது நான்? யார்கிட்ட போய் இதைச் சொல்றது?

மார்ச் 12, புதன்

பாக்கெட்டை அவர் முன்னால் வைத்தேன்.

அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வரலை. ரெண்டு மணி நேரம் அடிச்சேன், அசையலை. அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

"மாத்திட்டேன்னு ஏன் சொன்னீங்க?"

"நீ கேட்டே. வாயில வந்திடுச்சு."

"அது போகட்டும். ஊர் முழுக்க நான் பிரேக் பிடிச்சதால விழுந்தோம்னு சொன்னீங்களே, அது?"

கதவைத் திறந்து தங்கை தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாத. எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான்."

அப்போ நான்? என்று கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

மார்ச் 13, வியாழன்

சொன்னால் அவளுக்கு அண்ணன் இல்லாமல் போவான். சொல்லாவிட்டால் நான் இல்லாமல் போவேன்.

மார்ச் 14, வெள்ளி

உதிரிபாகக் கடைக்காரரிடம் கேட்டேன். "துருப்பிடிச்சதை வெறுமனே அடிச்சா வராதும்மா. துருவை இளக்குற எண்ணெய் விட்டு ஊற வைங்க. சக்கர நடுவை நல்லா சூடாக்குங்க. புதுசை ஃப்ரீசர்ல போட்டு வைங்க, கொஞ்சம் சுருங்கும், சுலபமா இறங்கும்" என்றார். ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். இவருக்கு அதைக் கேட்க என்ன கேடு?

காலையிலேயே எண்ணெய் விட்டேன். மத்தியானம் கொதிக்கிற தண்ணீரில் துணியை முக்கி முக்கிச் சுற்றினேன். வலது பக்கத்திலிருந்து நீளக் கம்பியை விட்டு, நடுவில் இருக்கும் குழாயை ஓரமாகத் தள்ளி, பழைய பேரிங்கின் விளிம்பில் கம்பியை ஊன்றி அடித்தேன். இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. அசையவில்லை. மறுபடி வெந்நீர். மறுபடி அடி. கட்டைவிரலில் ஒரு அடி. அப்புறம் பேரிங்கை அடிக்கிறேனா, யாரை அடிக்கிறேன் என்றே தெரியவில்லை. அவரை. என்னை. சத்தம் கேட்டும் மூன்று நாள் ஓட்டின என்னை.

நாலாவது முறை வெந்நீருக்கு அப்புறம் ஒரு நூல் நகர்ந்தது. பிறகு பொத்தென்று விழுந்தது.

புதுசை ஃப்ரீசரில் வைத்தேன்.

மார்ச் 15, சனி

ஃப்ரீசரில் வேறெங்கும் இடம் இல்லை, அவள் கைக்கு ஒத்தடம் கொடுக்கும் ஐஸ் பைக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். மறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அல்லது தோன்றியும் வைத்தேனோ, சத்தியமாகத் தெரியவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஐஸ் எடுக்கப் போனவள் இடது கையில் பாக்கெட்டோடு வந்தாள். "இது என்ன அண்ணி?"

"வண்டிக்கு. பேரிங்."

"அதான் அண்ணன் மாத்திட்டாரே."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவி செய்யக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் கையைக் கழுவாமலே பேசினார். ஒன்றை மட்டும் மாற்றியது, பொய் சொன்னது, விழுந்த பிறகு பழியை என்மேல் போட்டது — ஒன்று விடாமல்.

அவள் பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழே போய் பேரிங்கை மாட்டினேன். கழற்றிய பழைய பேரிங்கை அதன் மேலே வைத்து, வெளி விளிம்பில் மட்டும் படும்படி நிதானமாகத் தட்டினேன். முழுதாக இறங்கி உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும் என்றார் கடைக்காரர். மாறியது. சக்கரத்தைப் பூட்டி ஒரு சுற்று விட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

மேலே அவள் அழுகிற சத்தம்.

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போனேன். ஒன்பது வீடு. திருப்பம் வரும்போதெல்லாம் இறங்கித் தள்ளினேன்.

மார்ச் 22, சனி

கூட வேலை செய்கிறவளுடைய அறைக்கு நாத்தனார் போய்விட்டாள். பையை நான்தான் கட்டிக் கொடுத்தேன். கட்டும்போதே, சத்தம் கேட்டும் ஓட்டினதை அவளிடம் சொல்லிவிட்டேன். வாசலில் நின்று, "உங்க மேல கோபம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன் அண்ணி. மூணு நாளா சத்தம் கேட்டுச்சுன்னு நீங்களும் என்கிட்ட அப்பவே சொல்லலையே" என்றாள்.

ஆமாம். சொல்லவில்லை.

அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. பாவமாக இருக்கிறது. பாவப்படுகிற என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

கட்டுப் பிரித்தாகிவிட்டதாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இன்னும் மடங்கவில்லையாம். நீதிமன்றத்தில் இப்போதைக்குக் கோப்பு அடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் மாடி வீட்டம்மா சொல்லித்தான் தெரியும்.

மூன்று வாரமாக ஞாயிறுதோறும் இவர் அவளைப் பார்க்கப் போகிறார். கதவு திறப்பதில்லை. பழங்களை வாசலில் வைத்துவிட்டு அரை மணியில் திரும்புகிறார். மாடி வீட்டுக்காரரிடம் தானாகவே போய், "அன்னிக்கு நான் சொன்னது தப்பு, வண்டியிலதான் கோளாறு. என் கோளாறு" என்று சொன்னாராம். என்னிடம் அதைச் சொல்லவில்லை.

மே 4, ஞாயிறு

மூன்று மணிக்குக் கிளம்பினார். நாலு ஆகியும் வரவில்லை. ஐந்தும் ஆனது. துணி மடித்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன்.

ஆறரைக்கு வந்தார். தண்ணீர் செம்பை நீட்டினேன். வாங்கும்போது அவர் இரண்டு கையிலும் வலி தைலத்தின் வாசனை, உள்ளங்கை பிசுபிசுவென்று இருந்தது.

"சுண்டுவிரல் கொஞ்சம் மடங்குது" என்றார்.