ஆதாம் பேசிய மொழி

அன்புள்ள மகளுக்கு,

உன் சித்தி எல்லாரிடமும் சொல்லிவருவதுபோல, மாப்பிள்ளையைச் சாப்பாட்டிலிருந்து நான் எழுப்பி விரட்டவில்லை. அவராகத்தான் எழுந்தார்.

"எங்க வேதத்தோட மொழியைத்தான் மனுஷங்க முதமுதல்ல பேசுனாங்கன்னு எங்க வீட்ல சொல்வாங்க, அத்தை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான்தான், "ஆதாம் பேசுனது எபிரேயம். தெரியாததைப் பேசாதீங்க" என்றேன். உன் அப்பா இருந்திருந்தால் தண்ணீர் கேட்டுப் பேச்சை மாற்றியிருப்பார்.

அதோடு இரண்டு வருடம் போய்விட்டது. பேத்தியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் பூதக்கண்ணாடி வைத்துப் பைபிளில் ஆதியாகமத்தை மறுபடி படித்தேன். ஆதாம் விலங்குகளுக்குப் பெயர் வைத்தான் என்று இருக்கிறது. எந்த மொழியில் என்று ஒரு வரிகூட இல்லை. கான்வென்ட்டில் சிஸ்டர் சொன்னதை, வேதத்திலேயே எழுதியிருப்பதாக அறுபது வருடம் நம்பியிருக்கிறேன்.

நான் சொன்னது தவறு என்று மாப்பிள்ளையிடம் சொல். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. திருத்தம் என்று எடுத்துக்கொள்ளட்டும். அதற்காக அவர் வீட்டில் சொல்வது சரி என்று ஆகிவிடாது.

வீம்பு பிடித்து எனக்கு அலுத்துவிட்டது. மூன்று பேரும் வாருங்கள்.

தொலைபேசி வேண்டாம், வாய் தவறி மறுபடி எதையாவது சொல்லிவிடுவேன். என்றைக்கு வருகிறீர்கள் என்று எழுதி அனுப்பு.

அம்மா