இடைவேளையில் சொன்ன தீர்ப்பு

என் அன்பு வாயாடி அண்ணிக்கு,

போன இடத்தில் டிவி இருக்கிறதா? இருந்தால் ரிமோட் உங்கள் கையில்தான் இருக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் அங்கே உங்கள் பக்கத்தில் இருக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

நீங்கள் போனதும் நம் ஸ்ரீராம்புரம் சந்துக்கே வாய் போய்விட்டது அண்ணி. புதுப்படம் வந்தால் முதல் ஆட்டத்துக்கு ஓடி, இடைவேளையிலேயே சந்துப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுவீர்களே! "பொண்ணுங்களா, கேட்டுக்கோங்க. ஹீரோ வயசு தாடியில தெரியுது. ஹீரோயினுக்கு வேலையே இல்ல. யாரும் காசைக் கரியாக்காதீங்க." அதைக் கேட்ட பிறகுதான் இங்கே சாயங்கால ஆட்டத்துக்குச் சேலை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவாகும். முழுப்படமும் பார்த்துவிட்டுச் சொன்னால் என்ன என்று நான் கேட்டதற்கு, "உப்பு இருக்கா இல்லையான்னு தெரிய முழுச் சோத்தையும் தின்னணுமாடி?" என்று என் வாயை அடைத்தீர்கள். இப்போது அந்தக் குரூப்பில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான் வருகின்றன.

புதுப்பாட்டு எதைக் கேட்டாலும், "பாட்டாடி இது? வெறும் மிக்ஸி ஓடுற சத்தம்" என்பீர்கள். ஒரு வாரம் கழித்துப் பாத்திரம் துலக்கும்போது அதையே முணுமுணுப்பீர்கள். எனக்கோ எல்லாமே நல்லாத்தான் இருக்கும். "கல்யாண வீட்ல மைக் டெஸ்டிங் பண்ணாக்கூட உனக்குப் பாட்டுதான்" என்று எத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கியிருக்கிறீர்கள்!

அது கிடக்கட்டும். நாகராஜண்ணாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். உங்களைக் கட்டிக்கொண்டு நம் சந்துக்கே குடிவந்த அந்தக் கன்னடக்கார மனுஷன், நீங்கள் நல்ல படம் என்றால் குப்பை என்பார், குப்பை என்றால் ஆஹா என்பார். நீங்கள் போன பிறகு வாயே திறக்கவில்லை. டிவிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். என் வீட்டுக்காரர், அதான் உங்கள் தம்பி, கிரிக்கெட் பார்க்கக் கூப்பிட்டார்; அண்ணா எழுந்து போய்விட்டார். நான் சோறு போட்டால், "சாக்கும்மா, போதும்" என்பார். நாள் முழுக்க அவ்வளவுதான் பேச்சு. இந்த மனுஷன் இப்படியே பேசாமல் கரைந்து போய்விடுவாரோ என்று பயந்துவிட்டேன் அண்ணி. உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்குப் பிடித்த அந்த ஹீரோவின் படத்துக்கு நானே போனில் டிக்கெட் போட்டேன். வரமாட்டேன் என்றவரை, "டிக்கெட் வீணாப் போகும் அண்ணா" என்று இழுத்துக்கொண்டு போய் மேட்னிக்கு உட்கார வைத்தேன். விளக்கு அணைந்தது. ஹீரோ வந்தார், விசில் பறந்தது, வாயைத் திறந்தார். கன்னடம்! கன்னட டப்பிங் ஆட்டத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன் நான். இந்த ஊரில் ஒரே படம் இரண்டு மொழியில் ஓடும் என்று தெரியாதவளா நான்? போஸ்டரில் முகத்தைப் பார்த்த அவசரத்தில் மொழியைப் பார்க்கவில்லை. சரி போ, அண்ணாவுக்குத் தாய்மொழிதானே, சந்தோஷப்படுவார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இடைவேளை வந்தது. யாராவது செய்யத்தானே வேண்டும் என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, நம் குரூப்பில் முதல்முறையாக வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "எல்லாருக்கும் வணக்கம். படம் நல்லாருக்கு. குடும்பத்தோட பாக்கலாம்..."

"பொய் சொல்லாதேம்மா!"

போனைப் பிடுங்கிக்கொண்டார் அண்ணா. "நான் மல்லிகா வீட்டுக்காரன் பேசறேன். கலா சொல்றதை நம்பாதீங்க. ஹீரோவுக்கு வாய் ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் போகுது. தூ, இதெல்லாம் ஒரு படமா? யாரும் வராதீங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கன்னடம்னா உங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன் அண்ணா" என்றேன்.

"கன்னடப் படத்தைக் கன்னடத்துல பாப்பேன். இவன் படத்தைத் தமிழ்லதான் பாக்கணும். கல்யாணம் ஆனப்போ எனக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாதும்மா. தியேட்டர்ல பக்கத்துல உக்காந்து, காதுல சொல்லிச் சொல்லியே மல்லிகா கத்துக்கொடுத்தா. இப்போ இந்தக் காதுல யாரு சொல்றாங்க?"

சொல்லிவிட்டு அழுதார் அண்ணி. நீங்கள் போனபோதுகூட அழாத மனுஷன், பாப்கார்ன் வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, படம் அவ்வளவு உருக்கமா என்று குழம்பிப் போனார்.

வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். "ஏன்? இனிமே இன்னும் மோசமா எடுத்திருப்பான், பாத்துட்டுப் போலாம்" என்றார். விளக்கு அணைந்ததும் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பின்சீட்டிலிருந்து யாரோ, "ஸ்வல்ப சும்னிரி சார்" என்று அடக்கப் பார்த்தார்கள். "படத்துல ஒண்ணும் இல்லையே, நானாவது பேசறேன்" என்று தமிழிலேயே பதில் சொன்னார்! எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சிரிப்பு. வெளியே வந்து குரூப்பைத் திறந்தால் வாய்ஸ் மெசேஜ்களாக வந்து குவிந்திருந்தன. "அண்ணா, அடுத்த படத்துக்கும் நீங்களே சொல்லுங்க" என்று சந்தே கேட்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அவராகவே துண்டை எடுத்துவிட்டு டிவியைப் போட்டார். பாட்டுப் போட்டி. ஒரு பெண் பாடி முடித்தாள். "நல்லா பாடினா" என்றார் அண்ணா. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் திரும்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"என்ன நல்லா பாடினா? சுருதி எங்க அண்ணா போச்சு?" என்றேன்.

"ஏனம்மா? உனக்குச் சுருதின்னா என்னன்னு தெரியுமா?" என்று நாற்காலியை முழுசாக என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்தார். அப்பாடா! காபி டம்ளரோடு வாசற்படியில் நின்ற உங்கள் தம்பி, சத்தம் போடாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் அருமையாகத்தான் பாடினாள் அண்ணி. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அண்ணாவிடம் என் உயிர் உள்ளவரை அதை ஒத்துக்கொள்ளமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
கலா