நாலு சக்கரமும் இழுக்கும்

ஐப்பசி 20, வியாழன்

இன்று கொஞ்சம் தப்பியிருந்தால் என் கணவர் எங்கள் மகளைக் கொன்றிருப்பார்.

மோகனூரில் விருந்து முடிந்து, மதியம் வாய்க்கால் கரை மண்சாலையில் திரும்பினோம். காலை மழையில் களிமண் வழவழவென்று கிடந்தது. புது ஜீப்பை அவர் ஓட்டினார். பின்சீட்டில் மகள்.

"ஏனுங்க, மெதுவாப் போங்க, வழுக்குது" என்றேன்.

"இது உன்ற கார் இல்ல. நாலு சக்கரமும் இழுக்குது. சும்மா வா."

இழுத்தது உண்மைதான். என் காரில் முன்சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். சேற்றில் அவை திணறும்போதே பயந்து வேகத்தைக் குறைத்துவிடுவேன். இந்த வண்டி திணறவே இல்லை. அதனால் அவருக்குப் பயமும் வரவில்லை. வளைவில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். இழுத்த நாலு சக்கரமும் சேர்ந்தே வழுக்கின. வண்டி பக்கவாட்டில் சறுக்கி, ஒரு சக்கரம் வாய்க்கால்மேல் தொங்க நின்றது. மகளின் நெற்றி முன்சீட்டில் மோதிப் புடைத்துவிட்டது.

அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்தார். கரையேறியதும், "பாத்தியா, உன்ற காரா இருந்தா வந்திருக்குமா?" என்றார்.

வீட்டில் அவர் அம்மாவிடம் வேறு கதை. "இவ கத்துன கத்துல கை தடுமாறிப் போச்சும்மா."

நான் கத்தியதே வண்டி சறுக்கிய பிறகுதான். அத்தை என்னிடம், "வண்டில உக்காந்தா வாய மூடிட்டு வரோணும் சாமி" என்றார்.

நாளை மகளை அதே ஜீப்பில்தான் பள்ளிக்குக் கூட்டிப்போவாராம். சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கூடத்தில் இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடுகிறார். தேடட்டும். விளக்கை அணைக்கிறேன்.