மலரின் பூட்ஸ்

ஜூலை 18, திங்கள்

ஆடிக் காற்று. பால்வாடி ஜன்னலுக்குக் கதவு இல்லை. கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் புழுதி. சாக்பீஸ் தீர்ந்தது.

என் மலருக்குப் புது பூட்ஸ், சனிக்கிழமை திருச்சியில் வாங்கியது. போலியோ வந்த இடது காலுக்கு மட்டும் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடை வரை தோல் வார். வீட்டில் சுவரைப் பிடித்து நடந்தேவிட்டாள். அவர் கைதட்டினார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பால்வாடி வாசலில் ஆயா அஞ்சலையக்கா, வழக்கம்போல் சொம்பும் தண்ணீருமாக. பிள்ளைகளின் காலைக் கழுவித்தான் உள்ளே விடுவார்.

"டீச்சரம்மா, பாப்பா செருப்ப கழட்டிடுங்க. சோறு போடற எடம்."

கழற்றினேன். மலர் கையூன்றித் தவழ்ந்து உள்ளே போனாள். வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். டீச்சர் பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டமா என்று கேட்டுவிட்டால்? பி.ஏ. படித்து என்ன.

பேர் கூப்பிட்டால் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்". மலர் பேரை மட்டும் வேகமாகச் சொல்லி அடுத்ததற்குத் தாண்டிவிடுகிறேன். கவனித்திருப்பாளோ?

19, செவ்வாய்

உடையார்பாளையம் பஸ்ஸில் நிற்க இடமில்லை. மலரை பூட்ஸோடு உள்ளே விடச் சொல்லி அஞ்சலையக்காவிடம் இன்று கேட்டுவிடுவது என்று முடிவு. கேட்கவில்லை.

சோற்று நேரம். வள்ளி, காது கேளாத பிள்ளை, என் வாயைப் பார்த்தே பாட்டு சொல்பவள், வெளியே போய் பூட்ஸை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தாள்.

"ஏய், வைடி! வெளிய வைடி!" அஞ்சலையக்கா, கரண்டியோடு. வள்ளிக்கு எங்கே கேட்க? மலர் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மாட்டி வுடும்மா."

இங்கே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று மலரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

மாட்டினேன். வார் தப்பு ஓட்டையில். சுவரைப் பிடித்துத் தன் தட்டு வரை நடந்தாள். அக்கா கரண்டியோடு சோற்றுப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. ஊரில் சொல்லுவாரோ? பிள்ளைகளை நிறுத்திவிடுவார்களோ?

20, புதன்

தலைவலி. மலருக்கு மூக்கடைப்பு.

பூட்ஸோடேயே வாசலில் இறக்கினேன். அக்கா மறிக்கவில்லை. சொம்பை எடுத்து பூட்ஸ் மேல் ஊற்றினார். கம்பி, வார், எல்லாம் நனைய.

"ஐயோ, அக்கா! தோலு! நனையக் கூடாது!"

"எல்லாத்துக்கும் கால் கழுவித்தான உள்ள வுடறேன்? இது செருப்பில்ல, அது காலுன்னுதான ஊத்துனேன். மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

சிரிப்பதா அழுவதா. மலர்: "ஜில்லுனு இருக்கும்மா!"

21, வியாழன்

பூட்ஸுக்குள் பேப்பர் திணித்து நிழலில். தோல் விறைத்துவிட்டது. அக்கா சின்னக் குப்பியில் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். "கெடுத்தது நாந்தான?" இருவருமாகத் தேய்த்தோம். நிற்காமல் பேசினார், கோழி முட்டை வைத்ததெல்லாம்.

மலர் இன்று தவழ்ந்தாள். வரும்போதும் போகும்போதும் "நாளைக்கு மாட்டலாமாம்மா? நாளைக்கா?"

22, வெள்ளி

காற்று குறைவு. சாக்பீஸ் வந்தது, எல்லாம் உடைசல்.

வாசலில் சொம்போடு ஒரு பழைய புடவைக் கிழிசல். மற்றவர்களுக்குத் தண்ணீர், மலருக்குத் துணி.

"ஆயா, அடியில தொடைக்கல."

"பெரிய மகாராணி! தூக்குடி கால. கொண்டைய புடிக்காத, அவுந்துடும்!"

அவிழ்ந்துவிட்டது.

வருகை எடுத்தேன். வள்ளிக்குக் கை காட்டினேன், எழுந்தாள். அடுத்து மலர். கூப்பிட்டுவிட்டு, அடுத்த பேருக்குத் தாண்டாமல் நிறுத்தினேன். கம்பி கிறீச்சிட்டது. எழுந்துகொண்டிருந்தாள்.