உன் அறையைப் பற்றி எழுதிக் கொடுத்தது

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் டியூட்டி என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் உன் பெயருக்கு வரி ஆபீசிலிருந்து ஒரு கவர் வந்தது. பிரிக்காதே என்றார் அப்பா, அவர் சொல்லி முடிப்பதற்குள் பிரித்துவிட்டேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துச் சம்பாதிக்கிறாயே, அந்தச் சம்பளத்துக்கு இங்கேயும் வரி உண்டா என்று பார்க்கிறார்களாம். நீ இங்கே குடியிருப்பவளா அங்கே குடியிருப்பவளா என்பதுதான் கேள்வி. எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. நம் லாண்டரிக்கு வாராவாரம் கோட்டோடு வருவாரே ஆடிட்டர், பட்டன்களெல்லாம் வயிற்றோடு சண்டை போடுமே, அவரிடம் சொன்னேன். மாலையில் வீட்டுக்கே வந்து உன் காகிதங்களைப் பார்த்தார். நான் டீ கொடுத்ததோடு நின்றிருக்கலாம், என் வாய் சும்மா இருந்தால்தானே. உன் அறையைத் திறந்து காட்டி, ‘நாலு வருஷமா ஒரு துரும்பைக்கூட நகத்தல சார், வாராவாரம் விரிப்பு மாத்துறேன், எப்ப வந்தாலும் இது அவ அறைதான்’ என்று பெருமையாக அளந்தேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ‘ஏம்மா, அவங்களுக்குன்னு இங்க ஒரு வீடு காத்துக்கிட்டே இருந்தா, இங்கதான் குடியிருக்காங்கன்னு எடுத்துக்குவாங்களே, அங்க வரி கட்டினது போக இங்கயும் கேப்பாங்களே’ என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நாலு சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கலாம்.

அப்படியானால் அறையே இல்லை என்று எழுதிவிடுங்கள் என்றேன், பொய்யாக எதையும் எழுத மாட்டேன் என்றார் ஆடிட்டர். பொய் எதற்கு, உண்மையாகவே ஆக்கிவிடுகிறேன் என்றேன் நான். மறுவாரமே உன் அறையை வாடகைக்கு விட்டாயிற்று. வந்திருப்பவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள், நல்ல மாதிரி, ஆனால் வீட்டுக்குள்ளேயும் பிரேக் பிரேக் என்று கத்துகிறாள். உன் நீச்சல் மெடல்கள், அப்பாவுக்கென்று ஆரம்பித்துப் பாதியில் விட்ட மஃப்ளர், ஜோடி தொலைந்த கம்மல் எல்லாவற்றையும் மூன்று பெட்டியில் கட்டிக் கடை மாடியில் வைத்திருக்கிறேன். சுவரில் நீ ஒட்டிய எலும்புக்கூடு படத்தை மட்டும் எடுக்க வேண்டாம் என்றாள். வேகமாக ஓட்டினால் கடைசியில் இதுதான் என்று மாணவர்களுக்குக் காட்டுவாளாம், போட்டோ எடுத்துவைத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, இந்த வீட்டில் என் மகளுக்கென்று அறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரிதான், அதற்கு மூன்று தாள் வீணானது. கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நேற்று அதைக் கொடுக்க ஆடிட்டர் ஆபீசுக்குப் போனேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி, வேலைக்குப் போனதிலிருந்து உங்கள் பெண் இங்கே எத்தனை நாள் இருந்தாள் என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, ஒன்பது என்றேன். வருஷத்துக்கா என்றார். இல்லை, நாலு வருஷத்துக்கும் சேர்த்து என்றேன். பேனாவை மூடிவிட்டார். ‘இதை நான் முதல்லயே கேட்டிருக்கணும், என் தப்புதான். ஒம்போது நாளுன்னா அறை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. உங்க பொண்ணு இங்க குடியிருக்கான்னு யாருமே சொல்ல முடியாதும்மா’ என்றார். உனக்கு வரி இல்லை, சந்தோஷம்தான். ஆனாலும் படியிறங்கும்போது அழுதுவிட்டேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறிப் போய் இன்னொன்றும் கேட்டேன். வருஷத்தில் நூற்றிருபது நாள் வரை நீ இங்கே தங்கினாலும் வரிக்காரர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்களாம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திய பக்கங்களின் நகலை ஆடிட்டருக்கு இந்த வாரமே அனுப்பு, மறந்துவிடாதே. நோய் நொடி இல்லாமல், கை நிறைய மனசு நிறைய, நூறாண்டு நன்றாக இரு மகளே. நூற்றிருபது நாளெல்லாம் நான் கேட்கவில்லை. ஒரு பத்து நாள் வா, கூடத்தில் என் பக்கத்தில் படுத்துக்கொள்.

இப்படிக்கு
உன் வாயாடி அம்மா